மேற்படி நாய் சம்பந்தமாக

கீழத்தெரு,
5 ஆகஸ்ட் 2025

திருமதி ஆனந்தவல்லி அவர்களுக்கு,

பாபநாசம் வட்டம், கீழத்தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் குஞ்சிதபாதம் ஆகிய நான், எனக்கு மேற்கு வீட்டில் வசிக்கும் தங்களுக்கு எழுதிக்கொள்வது யாதெனில்: தங்கள் நாயின் குரைப்பைப் பதிவு செய்து தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட நாளிலிருந்து தாங்கள் என் எண்ணை பிளாக் செய்திருக்கிறீர்கள். ரேஷன் கடை வரிசையில் எல்லோர் காதுபட, "அந்த ஆளு மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மூஞ்சியில் முழிக்காமல் விஷயத்தைத் தெரிவிக்க வேறு வழியில்லை. ஆகவே தங்கள் கேட்டில் தொங்கும் பால் பையில் இதைப் போடுகிறேன். பால்காரர் வருமுன் எடுத்துக்கொள்ளவும்.

மேற்படி நாய், பெயர் பட்டாளம், செவலை நிறம், வலது காது மடங்கியது. கிழக்கே என் வீட்டுச் சுவர், மேற்கே மினி பஸ் போகும் சாலை, வடக்கே வாய்க்கால், தெற்கே தெரு. இந்த நான்கெல்லைக்குள் அசைகிற எதுவும் அதற்கு ஆட்சேபணைக்குரியது. மீன்காரர் ஹாரன் அடித்தால் குரைக்கிறது. மயில் வந்து சுவரில் உட்கார்ந்தால் குரைக்கிறது. கொடியில் காயும் என் வேட்டி காற்றில் ஆடினால் அதற்கும் குரைக்கிறது. என் வேட்டி அதை என்ன செய்தது என்று தெரியவில்லை.

ஆவணியில் என் வீட்டில் வானதிக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கேயே தங்குகிறாள். அவள் அம்மா இருந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. கமலா போனபின் வீட்டில் நான் ஒருவன்தான். "பொம்பளை இல்லாத வீட்டுல பிரசவமா?" என்று திருச்சி சம்பந்தி அம்மாள் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. என் பெண் வந்து நிம்மதியாகத் தூங்கி எழ இங்கே ஒரு வீடு இருக்கிறது என்று நான் காட்டியாக வேண்டும். ஆகவே மேற்படி நாயைக் கொல்லைப் பக்கம் கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குஞ்சிதபாதம்

*

கீழத்தெரு,
6 ஆகஸ்ட்

குஞ்சிதபாதம் சாருக்கு,

உங்கள் கடிதம் பாலில் நனைந்துதான் கிடைத்தது. நான்கெல்லை, ஆட்சேபணை என்றெல்லாம் படித்ததும் என் மனையைத்தான் யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டீர்களோ என்று நெஞ்சு பகீர் என்றது. நாயைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் போன உயிர் வந்தது.

சதீஷ் சிங்கப்பூர் கிளம்புகிறபோது, "அம்மா, தனியா இருக்க, உனக்கு ஒரு துணை வேணும்" என்றான். மருமகளைக் கொண்டுவரப் போகிறான் என்று பார்த்தேன். நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அவன் குரைக்கத்தான் செய்வான். குரைக்காத நாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, வாசலில் கோலமா போடச் சொல்ல முடியும்?

காலையில் கொல்லையில் நின்று நீங்கள் பல் தேய்த்து ஓங்கரிக்கிறீர்களே, பட்டாளத்தின் முதல் குரைப்பு அதற்குத்தான். பக்கத்து வீட்டில் யாரையோ யாரோ கொல்கிறார்கள் என்று நினைத்து உதவிக்கு ஆள் கூப்பிடுகிறான். கொல்லையில் கட்டினால் வயல் தெரியும். நாற்றங்காலில் கொக்கு இறங்கும். அப்புறம் நீங்கள் கொக்குக்கும் மனு எழுத வேண்டியிருக்கும்.

வானதி வருவது எனக்கு மெத்தச் சந்தோஷம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். அவள் வருகிற சேதியை நான் மனுவில் படிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் வருத்தம்.

ஆனந்தவல்லி

*

கீழத்தெரு,
14 செப்டம்பர்

திருமதி ஆனந்தவல்லி அவர்களுக்கு,

வளைகாப்பன்று தாங்கள் வந்து வானதிக்கு வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எலுமிச்சை சாதத்தில் உப்புக் குறைவு என்று என் காதுபடச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனதை நன்றியுடன் குறித்துக்கொண்டேன்.

நாய் விஷயத்தில் நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டீக்கடையில் தியாகேசன் சொன்ன யோசனைப்படி தினமும் சுவர் மேலிருந்து பிஸ்கட் போட்டு வந்தேன். வாயில் பிஸ்கட் இருக்கும்போது குரைக்க முடியாது என்பது அவர் வாதம். வாதம் சரி. ஆனால் தின்று முடித்ததும் அடுத்த பிஸ்கட்டுக்காகக் குரைக்கிறது. இதுவரை காரணமில்லாமல் குரைத்த நாய்க்கு நானே ஒரு காரணத்தை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறேன்.

வானதியைக் கேட்டால், "விடுங்கப்பா, பாவம்" என்கிறாள். மதியம் அவள் கண் அயரும் நேரம் பார்த்துத்தான் மேற்படி நாய் ஆரம்பிக்கிறது. அதே நேரத்தில், "வயித்துல புள்ள உதைக்குதுப்பா" என்று சிரிக்கிறாள். அது பயந்துதான் உதைக்கிறது என்பது என் அபிப்பிராயம். பிறக்குமுன்பே ஒரு ஜீவனை மிரட்டும் பாத்தியதை எந்த நாய்க்கும் கிடையாது.

இப்படிக்கு,
குஞ்சிதபாதம்

*

கீழத்தெரு,
16 செப்டம்பர்

குஞ்சிதபாதம் சாருக்கு,

நீங்கள் பிஸ்கட் போடப் போட, இரண்டு வீட்டுக்கும் தான்தான் காவல் என்று பட்டாளம் முடிவு கட்டிவிட்டான். முன்பெல்லாம் என் வாசலுக்கு வருகிறவர்களை மட்டும் குரைத்தான். இப்போது உங்கள் வாசலுக்கு வருகிறவர்களையும் சேர்த்துக் குரைக்கிறான். வேலையை ஏற்றிவிட்டது நீங்கள், திட்டு வாங்குவது அவனா?

இன்னொன்று. வானதிக்கு நான் சுவர் வழியாகக் கொடுத்தனுப்புகிற கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஊரில் எல்லோரும் அதில் கொஞ்சம் சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ வைத்து அனுப்புவார்கள். மனுவை மடித்து வைத்து அனுப்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். போன மனுவில் ரசக் கறை. கிண்ணத்தைக் கழுவுகிறபோது கொஞ்சம் தேய்த்தும் கழுவுங்கள்.

குழந்தை பயத்தில் உதைக்கவில்லை. சதீஷ் என் வயிற்றில் இருந்தபோது வயலில் டிராக்டர் இறங்கினால் உதைப்பான். பிறந்தபிறகு டிராக்டர் என்றால் அவனுக்கு உயிர். நடவுக்கு ஆள் கிடைக்காமல் நான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

ஆனந்தவல்லி

*

கீழத்தெரு,
23 அக்டோபர்

ஆனந்தவல்லி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான்கெல்லை எதுவும் இல்லை. பயப்படாமல் படியுங்கள்.

தீபாவளிக்குச் சம்பந்தி அம்மாள் பலகாரத்தோடு வந்திருந்தார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து அதுவரை எங்கோ பதுங்கிக் கிடந்த பட்டாளம், வெடியெல்லாம் ஓய்ந்து அவர் இலையில் உட்கார்ந்த நேரத்தில் தொடங்கியது. காலையில் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக் குரைத்தது. அவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். "நாய்ப்பட்டியிலயா எம்மருமவளை வச்சிருக்கீங்க? பொம்பளையும் இல்ல, தூக்கமும் இல்ல. இப்பவே கார்ல ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றார். மாப்பிள்ளை அரவிந்தன்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். இந்த மாதத்துக்குள் சத்தம் நிற்காவிட்டால் பிரசவம் திருச்சியில் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தாய் இல்லாவிட்டாலும் தாய்வீடு இருக்கிறது என்றுதான் வானதியிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பிரசவத்துக்கு அவள் இங்கே இல்லை என்றால் அப்புறம் விருந்தாளி மாதிரி வருவாள், காபி குடிப்பாள், போவாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

குஞ்சிதபாதம்

*

கீழத்தெரு,
24 அக்டோபர்

சாருக்கு,

இதை முதல் கடிதத்திலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

பூம்புகாரில் என் தங்கை பூர்ணிமா வீடு இருக்கிறது. நாளைக்குப் பட்டாளத்தை அங்கே கொண்டுபோய்விடுகிறேன். என் கையால் வைத்தால்தான் சாப்பிடுவான். ஆகவே நானும் அங்கேயே இருந்துவிடுகிறேன். சம்பா நட்டாயிற்று. தண்ணீர் கட்டுவதையெல்லாம் வீரையன் பார்த்துக்கொள்வான்.

இது வானதிக்காக. உங்களுக்காக இல்லை. பிஸ்கட் மீதி இருந்தால் நீங்களே தின்றுவிடுங்கள்.

ஆனந்தவல்லி

*

கீழத்தெரு,
24 நவம்பர்

ஆனந்தவல்லி அம்மாவுக்கு,

பேத்தி பிறந்த சேதியை வானதியே போனில் சொல்லியிருப்பாள். அவளோடு தினமும் பேசுகிறீர்கள். நான் பக்கத்தில் வந்தால் மட்டும் "சரி, வைக்கிறேன்" என்கிறீர்கள். அதனால் எனக்கு இன்னும் தபால்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாகிவிட்டது. வீட்டில் அப்படி ஓர் அமைதி. ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கிறது. பக்கத்துத் தெருவில் யாரோ தும்முவது கேட்கிறது. நான் கேட்ட அமைதியைக் கொடுத்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது. பாலைக் குடித்துவிட்டுக் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்க்கிறது. எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அது வரவில்லை என்றதும் அழுகிறது. தொட்டிலை ஆட்டியாயிற்று, வசம்பு கட்டியாயிற்று, டாக்டரிடமும் காட்டியாயிற்று. "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். வானதிக்குக் கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டது. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறாள். சொன்னால் வருத்தப்படுவீர்களாம்.

பத்தியச் சமையல் நான்தான். உங்கள் கிண்ணம் சுவர் ஏறி வராதது இப்போதுதான் உறைக்கிறது. நேற்றுப் பூண்டுக் குழம்பு வைத்தேன். பூண்டை உரிக்க வேண்டும் என்று வானதி சாப்பிடும்போது சொன்னாள்.

குஞ்சிதபாதம்

*

பூம்புகார்,
28 நவம்பர்

குஞ்சிதபாதம் சாருக்கு,

பூண்டை உரிக்காமல் போட்ட ஆளிடமா என் பெண்ணை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இங்கே பால்சுறா நல்லதாகக் கிடைத்தது. ஐஸ் போட்டுக் கட்டி, பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாபநாசத்தில் டிரைவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். வேகவைத்து, தோலை உரித்து, கையால் உதிர்த்து, மஞ்சளும் மிளகும் உரித்த பூண்டும் போட்டுப் புரட்டுங்கள். உரித்த பூண்டு. பால் நன்றாகச் சுரக்கும்.

பட்டாளத்தின் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவன் குரைப்பதை நிறுத்திவிட்டான். கடற்கரையில் மீனவர் தெரு நாய்கள் கூட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அலைச் சத்தத்துக்கு மேல் குரைத்துப் பழகியது. முதல் நாள் இவன் போய் நெஞ்சை நிமிர்த்தி ஒரு குரல் கொடுத்தான். அவை திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னதோடு சரி. வந்து கட்டிலடியில் படுத்தவன்தான். மீன்காரர்கள் போகிறார்கள், படகு போகிறது, பூர்ணிமா வீட்டுக்காரரின் லுங்கி கொடியில் ஆடுகிறது. எதற்கும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு நாயை நீங்கள்தான் கேட்டீர்கள். வந்து பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

வீரையன் மழைத் தண்ணீரை வடியவிட்டானா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஆனந்தவல்லி

*

கீழத்தெரு,
5 டிசம்பர்

ஆனந்தவல்லி அம்மாவுக்கு,

தண்ணீர் வடிந்துவிட்டது. பயிர் பச்சென்று இருக்கிறது. சுறாப்புட்டை வானதி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்துச் சிரிக்க உங்களுக்குச் சகல உரிமையும் உண்டு. தெருக் குழுவில் போடுவதற்காகப் பதிவு செய்த குரைப்பெல்லாம் இன்னும் என் போனில் இருக்கிறது. போன வாரம் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தபோது கை தவறி அதில் விரல் பட்டுவிட்டது. பட்டாளம் குரைத்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது. கவனித்துக் கேட்டது. ஒரு கொட்டாவி விட்டது. தூங்கிவிட்டது. நான் போனை அணைத்தேன், விழித்துக்கொண்டது. போட்டேன், தூங்கியது. வானதி சிரித்துச் சிரித்து, அப்புறம் அழுதே விட்டாள். "வயித்துக்குள்ள இருந்தப்ப தினம் கேட்ட சத்தம்பா அது. அதைத்தான் இத்தனை நாளாத் தேடியிருக்கு" என்றாள்.

அது முதல் நான் போனும் கையுமாகத் தொட்டிலடியில் உட்கார்ந்திருக்கிறேன். தெருக் குழுவில் இப்போது என் மேல் புகார். "நாய் ஊருக்குப் போயும் கொரைப்பு போகலியே, சார் வீட்டுல என்னதான் நடக்குது?" என்று தியாகேசன் கேட்டிருக்கிறார். பிஸ்கட் போடச் சொன்ன அதே தியாகேசன்.

ஆனால் குழந்தை கெட்டிக்காரி. நாலைந்து நாளில் கண்டுபிடித்துவிட்டாள். போன் ஒரே குரைப்பைத் திரும்பத் திரும்பக் குரைக்கிறது. பட்டாளம் ஒரு தடவை குரைத்த மாதிரி மறு தடவை குரைத்ததே இல்லை. இதை நான் ஒரு பாராட்டாகவே எழுதுகிறேன். பழையபடி கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். அழுகை சம்பந்தி அம்மாளுக்குப் போனில் கேட்டுவிட்டது. மாதம் நிறைந்த கையோடு, மார்கழி பிறப்பதற்குள் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார். மார்கழி பிறந்துவிட்டால் பச்சைக் குழந்தையை வீடு மாற்ற மாட்டார்களாம்.

ஆகவே தயவுசெய்து பட்டாளத்தை மட்டும் உடனே அனுப்பிவைக்க முடியுமா? கார் நான் அனுப்புகிறேன்.

குஞ்சிதபாதம்

*

பூம்புகார்,
9 டிசம்பர்

சாருக்கு,

பட்டாளத்தை மட்டும்.

கடிதத்தைப் பூர்ணிமாவிடம் கொடுத்து, நான் ஏதாவது வரியை விட்டுவிட்டேனா என்று பார்க்கச் சொன்னேன். அவளும் பார்த்தாள். இல்லை. நாயைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவனோடு இந்த ஊருக்கு வந்து, கட்டிய வீட்டைப் பூட்டிப்போட்டு, தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நாய் போனால் சத்தம் போய்விடும் என்று நினைத்தீர்கள். நாய் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்கிறீர்கள். யோசித்து எழுதுங்கள்.

ஆனந்தவல்லி

*

கீழத்தெரு,
11 டிசம்பர்

ஆனந்தவல்லிக்கு,

இதைக் கொண்டுவருகிறவர் ஜெகபர் அலி. நம் தெரு முனையில் கார் வைத்திருக்கிறாரே, அவர்தான். பின் சீட்டில் போர்வை விரித்திருக்கிறேன், அது பட்டாளத்துக்கு. முன் சீட் உங்களுக்கு. பட்டாளம் வர மாட்டேன் என்றால் அவன் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் வாருங்கள்.

"பொம்பளை இல்லாத வீடு" என்று சம்பந்தி அம்மாள் சொன்ன ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று சொல்லத் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. கமலா போனபின் வானதிக்கு ஒரு காய்ச்சல் என்றால்கூட வந்து பார்த்தது நீங்கள்தான். அதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரார் பத்திரத்தையெல்லாம் எழுதினேன், எழுத வேண்டியதை எழுதவில்லை.

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்கு வரவில்லை. வழுக்குகிறாள். பயமாக இருக்கிறது. வந்துவிடுங்கள்.

அண்ணன்,
குஞ்சிதபாதம்

*

கீழத்தெரு,
14 டிசம்பர்

தங்கை ஆனந்தவல்லிக்கு,

சம்பந்தி அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதால் சுவரோரம் வந்து பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வியாழன் சாயங்காலம் காரை விட்டு இறங்கியதும் பட்டாளம் நேராகப் போய் என் வேட்டியைப் பார்த்துக் குரைத்தானே, அந்த நிமிஷம் உள்ளே குழந்தை கண்ணை மூடியது. பாலுக்கு எழுகிறாள், குடிக்கிறாள், தூங்குகிறாள். வானதியும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள். முகம் தெளிந்துவிட்டது.

தூங்காதவர் சம்பந்தி அம்மாள் ஒருவர்தான். வந்ததிலிருந்து அவர் அசைந்தால் குரைப்பு, இருமினால் குரைப்பு. நேற்று நீங்கள் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "பொம்பளை இல்லாத வீட்டுல..." என்று வழக்கம்போல ஆரம்பித்து, உங்களைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். நான் தலையைக் குனியவில்லை. அதைக் கவனித்தீர்களா?

இன்று காலை என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க பத்திரம் எழுதுறவருதானே? அந்த நாய் மேல நறுக்குன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, கையெழுத்து நான் போடறேன்" என்றார். எனக்கு மனு எழுத வராது, கிரயப் பத்திரம் மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறார். தனியாகத்தான். நாளன்றைக்கு மார்கழி பிறந்துவிடும்.

அவர் பஸ் ஏறும்வரை பட்டாளத்தை எங்கும் கட்டிவிட வேண்டாம்.

அண்ணன்,
குஞ்சிதபாதம்

*

அண்ணனுக்கு,

கட்டினால் மட்டும் வாயை மூடப் போகிறானா. கொஞ்ச நாள் ஊமையாகக் கிடந்ததற்கு இப்போது சேர்த்துக் கழிக்கிறான். குரைக்கட்டும்.

மார்கழியை விடுங்கள். வானதி இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்பாள் என்று மத்தியானம் சம்பந்தி அம்மாள் கேட்டார்களே, அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். குழந்தை குப்புற விழட்டும், தவழட்டும், நெல் அறுத்துப் புது அரிசியில் பொங்கிப் போடுகிறோம், அப்புறம் நல்ல நாள் பார்த்து நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்று. "நாங்களேன்னா யாரு?" என்று கேட்டார்கள். "எங்கண்ணனும் நானும்" என்றேன்.

ஆனந்தவல்லி